கடனோடு பிரிட்டனில் வேலைக்குச் சேர்கிறீர்களா? கம்பெனி காரா, அலவன்ஸா என்று முடிவு செய்யும் முன்

ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருக்கும்: கம்பெனி கார் தருகிறோம், வேண்டாமென்றால் மாதம் இவ்வளவு பவுண்டு கார் அலவன்ஸ். ஃபீல்டு இன்ஜினியர், சேல்ஸ், சைட் மேலாளர், பராமரிப்பு நிறுவன மேலாளர் என்று ஊர் சுற்றும் வேலையில் சேரும் நம்மவர்கள் பலர் இதை ஒரே நாளில் முடிவு செய்துவிடுகிறார்கள். கையில் காசு வருகிறதே என்று சிலர் அலவன்ஸைக் கேட்கிறார்கள், புதுக் கார் வருகிறதே என்று சிலர் காரைக் கேட்கிறார்கள். கடன் இல்லாதவருக்கு இதில் எது எடுத்தாலும் பெரிய சேதமில்லை. ஊரில் நகை அடகில் இருக்கிறது, இங்கே கிரெடிட் கார்டில் ஆறாயிரம் பவுண்டு நிற்கிறது என்றால் கதை வேறு. தவறான தேர்வு கடன் அடையும் நாளை வருடக்கணக்கில் தள்ளிப்போடும்.

கடனில் இருப்பவர் இரண்டு கேள்விகளை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். எல்லாச் செலவும் போக, மாதக் கடைசியில் கடனுக்குப் போட எதில் அதிகம் மிஞ்சும்? வேலையோ நிலைமையோ மாறினால் எதிலிருந்து நஷ்டமில்லாமல் வெளியே வர முடியும்? காரின் பிராண்டு, மாடல் எல்லாம் அதற்கு அப்புறம்.

கடனை ஒரு தாளில் இறக்குங்கள்

காரைப் பற்றி யோசிப்பதற்கு முன், இங்கே உள்ள கடன், ஊரில் உள்ள கடன் இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். பெரும்பாலானோர் இவற்றைத் தனித்தனியாகவே மனதில் வைத்திருக்கிறார்கள். ஊர்க் கடனுக்கு ரூபாயில் ஒரு கணக்கு, இங்குள்ள கார்டுக்குப் பவுண்டில் ஒரு கணக்கு. வட்டியை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் எது கொல்கிறது என்று தெரியும். ஊரில் தெரிந்தவரிடம் 'ரெண்டு வட்டி'க்கு வாங்கியது வருடத்துக்கு 24%. 'மூணு வட்டி' என்றால் 36%. இங்குள்ள கிரெடிட் கார்டும் 24% அளவில் இருந்தால் இரண்டும் ஒரே எடைதான். அதே ஊரில் வங்கி நகைக் கடன் இதைவிட மிகக் குறைந்த வட்டியில் இருக்கும். மனது நகையை மீட்கத்தான் துடிக்கும். ஏலத்துக்குப் போகாமல் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு, கார்டை முதலில் முடிப்பதே கணக்குக்குச் சரி.

வாடகை பாக்கி, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), மின்சாரம், எரிவாயு பாக்கி இருந்தால் அவை வட்டி விகிதம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். கட்டாமல் விட்டால் வீடு போகும், கோர்ட் வரை வரும்.

ஆறாயிரம் பவுண்டு கார்டுக் கடனுக்கு 24% என்றால் மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 120 பவுண்டு. இந்த எண்ணை மனதில் வையுங்கள்.

அலவன்ஸ் கையில் எவ்வளவு வரும்

அலவன்ஸ் என்பது சம்பளத்தோடு சேரும் பணம். அதற்கு வருமான வரி உண்டு, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் உண்டு. வருட வருமானம் 50,270 பவுண்டுக்குள் இருப்பவருக்கு 20 சதவீதமும் 8 சதவீதமும் சேர்ந்து 28% போகும். மாதம் 400 பவுண்டு என்று லெட்டரில் இருந்தால் கைக்கு வருவது 288. அந்த வரம்புக்கு மேலே இருப்பவருக்கு 42% போய் 232. ஸ்காட்லாந்தில் வரி அடுக்குகள் வேறு என்பதால் அங்கே இருப்பவர்கள் தங்கள் அடுக்கைப் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சொந்தக் காரில் வேலை நிமித்தம் ஓடும் மைலுக்கு கம்பெனி தனியாகப் பணம் தரும். 2011-12 முதல் இருந்துவரும் அளவு, முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். இந்த அளவுவரை வரியில்லாமல் கம்பெனி தரலாம். ஆனால் அலவன்ஸ் தரும் பல கம்பெனிகள் மைலுக்கு 25 பென்ஸோ அதற்கும் குறைவாகவோதான் தருகின்றன. மீதி 20 பென்ஸுக்கான வரிச் சலுகையை எச்.எம்.ஆர்.சி. என்ற பிரிட்டிஷ் வரித்துறையிடம் நீங்களே கேட்டு வாங்கலாம். கேட்டால்தான் வரும், தானாக வராது. வருடம் 8,000 வேலை மைல் என்றால் 1,600 பவுண்டுக்கு 20%, அதாவது 320 பவுண்டு. இதைக் கேட்காமல் விடுபவர்கள் ஏராளம், புதிதாக வந்தவர்களில் இன்னும் அதிகம். வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போய் வருவது வேலை மைலில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கம்பெனி கார் இலவசமில்லை

கம்பெனி காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டலாம் என்றால், அந்த வசதியையும் வருமானமாக எண்ணி வரி போடுவார்கள். பெனிஃபிட் இன் கைண்ட் என்பார்கள். காரின் பட்டியல் விலையை எடுத்து, அந்தக் காரின் கார்பன் அளவுக்கு ஏற்ற சதவீதத்தால் பெருக்கி, வரும் தொகைக்கு உங்கள் அடுக்கில் வரி. கம்பெனி தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும் கணக்கு பட்டியல் விலைக்குத்தான். இதற்கு ஊழியர் நேஷனல் இன்சூரன்ஸ் கட்ட வேண்டாம், கம்பெனி கட்டும்.

2026-27 வரி ஆண்டில் முழு எலெக்ட்ரிக் காருக்கு இந்தச் சதவீதம் 4. கிலோமீட்டருக்கு 120 கிராம் கார்பன் விடும் பெட்ரோல் காருக்கு 31. இரண்டையும் எண்ணில் பாருங்கள். 36,000 பவுண்டு எலெக்ட்ரிக் காருக்கு வருமானமாக எண்ணுவது 1,440 பவுண்டு. 20% அடுக்கில் வருட வரி 288, மாதம் 24. 30,000 பவுண்டு பெட்ரோல் காருக்கு எண்ணுவது 9,300; வருட வரி 1,860, மாதம் 155. விலை அதிகமான காருக்கு வரி ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எலெக்ட்ரிக் சதவீதம் 2027-28-ல் 5, 2028-29-ல் 7, 2029-30-ல் 9 என்று ஏறப்போவது ஏற்கெனவே அறிவிக்கப்பட்டது. நான்கு வருடத்துக்கு எடுக்கும் கார் என்றால் முதல் வருடக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். 9% ஆனாலும் மேலே சொன்ன காருக்கு மாதம் 54 பவுண்டுதான் வரும்.

பெட்ரோல் காரில் இன்னொரு சிக்கல். காரா, காசா என்று கம்பெனி தேர்வு கொடுத்தால், 75 கிராமுக்கு மேல் கார்பன் விடும் காருக்கு, நீங்கள் விட்டுக்கொடுத்த அலவன்ஸ் தொகை, காரின் பெனிஃபிட் தொகை இரண்டில் எது பெரியதோ அதற்கே வரி. 2017 ஏப்ரல் முதல் இந்த விதி. சின்னக் காராக எடுத்து வரியைக் குறைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். எலெக்ட்ரிக் காருக்கு இந்த விதி கிடையாது.

கம்பெனியே சொந்தப் பயணத்துக்கும் பெட்ரோல் கார்டு தருகிறேன் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அதற்குத் தனி வரி. 2025-26-ல் 28,200 பவுண்டை அதே கார்பன் சதவீதத்தால் பெருக்கினார்கள்; 30% காருக்கு 8,460, அதற்கு 20% வரி 1,692. மாதம் 141 பவுண்டு வரி கட்டி எண்பது பவுண்டு பெட்ரோல் போடுவதில் என்ன லாபம்? பாதிப் பணத்தைத் திருப்பிக் கட்டினாலும் வரி குறையாது. சொந்தப் பயணத்துக்கான முழுத் தொகையையும் திருப்பிக் கட்டினால்தான் நீங்கும்.

சம்பளம் 50,270-க்குச் சற்றுக் கீழே இருப்பவர்கள், காரின் பெனிஃபிட் தங்களை 40% அடுக்கில் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். 60,000 பக்கம் இருப்பவர்கள் குழந்தைகளுக்கான சைல்டு பெனிஃபிட்டில் பிடித்தம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் காரின் பெனிஃபிட்டும் அந்த வருமானக் கணக்கில் சேரும்.

நான்கு வழிகள், ஒரே ஆள்

சம்பளம் 40,000 பவுண்டு, வேலை மைல் 8,000, சொந்த மைல் 6,000, அலவன்ஸ் மாதம் 400, மைலுக்கு கம்பெனி தருவது 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் மைலுக்கு 16 பென்ஸ். கீழே வருபவை நான் போட்ட மாதிரி எண்கள். உங்கள் எண்களை அதே இடத்தில் போடுங்கள்.

எலெக்ட்ரிக் கம்பெனி கார்: வரி 24, சொந்த மைலுக்கான சார்ஜ் 36. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பிரேக்டவுன் எல்லாம் கம்பெனி தலையில். மாதம் 60 பவுண்டு உங்கள் கையிலிருந்து போகிறது.

பெட்ரோல் கம்பெனி கார்: வரி 155, சொந்தப் பெட்ரோல் 80. மாதம் 235 போகிறது.

அலவன்ஸும் பழைய சொந்தக் காரும்: அலவன்ஸில் 288. மைல் பணத்தில் பெட்ரோல் போக மிஞ்சுவது 60. வரிச் சலுகை மாதத்துக்கு 27. மொத்தம் 375 வருகிறது. செலவில் வேலைப் பயன்பாட்டோடு இன்சூரன்ஸ் 110, சர்வீஸ், டயர், எம்.ஓ.டி. (வருடாந்திர வாகனச் சோதனை) சேர்த்து 70, சாலை வரி 16, சொந்தப் பெட்ரோல் 80, காரின் மதிப்பு இறங்குவதற்கு 40. மொத்தம் 316. கையில் 59 மிஞ்சுகிறது. ஆனால் அந்தக் கார் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால்தான் இந்தக் கணக்கு. 3,500 பவுண்டு கொடுத்து இப்போது வாங்க வேண்டுமென்றால், அந்தப் பணம் கார்டை அடைத்திருந்தால் மாதம் 70 பவுண்டு வட்டி மிச்சமாகியிருக்கும். அதையும் கழித்தால் 11 பவுண்டு கையை விட்டுப் போகிறது. கியர்பாக்ஸ் ஒரு தடவை மக்கர் செய்தால் அந்த வருடக் கணக்கே புரண்டுவிடும்.

அலவன்ஸும் பைனான்ஸில் எடுத்த புதிய காரும்: பி.சி.பி. (மாதத் தவணை கட்டி, கடைசியில் பெரிய தொகை கொடுத்தால் கார் சொந்தமாகும் பைனான்ஸ்) தவணை 320, இன்சூரன்ஸ் 130, மற்றவை சேர்த்து 586 போகிறது, 375 வருகிறது. மாதம் 211 பவுண்டு துண்டு.

கடைசி வழியைத்தான் நம்மவர்கள் அதிகம் எடுக்கிறார்கள். அலவன்ஸ் 400, தவணை 320, மீதி 80 லாபம் என்று மனக்கணக்கு போடுகிறார்கள். 400 என்பது கைக்கு 288-ஆக வருவதும், இன்சூரன்ஸும் டயரும் தன் தலையில் விழுவதும் மூன்றாம் மாதம்தான் உறைக்கிறது. அதற்குள் நான்கு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டாகிவிட்டது, ஏற்கெனவே உள்ள கடனோடு உங்கள் பெயரில் இன்னொரு கடனும் ஏறிவிட்டது.

என் தீர்மானம் இது. ஓடும் நிலையில் பழைய கார் கையில் இருந்தால், கம்பெனியும் ஒப்புக்கொண்டால், அலவன்ஸை வாங்கிக்கொண்டு அதையே ஓட்டுங்கள். கார் இல்லையென்றால் எலெக்ட்ரிக் கம்பெனி கார் எடுங்கள். பழைய காரோடு ஒப்பிட்டால் மாதம் ஐம்பது பவுண்டுக்குள்தான் வித்தியாசம், எதிர்பாராத ரிப்பேர் பில் வராது என்பதற்கு அது நியாயமான விலை. கடனில் இருப்பவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த எதிர்பாராத பில்தான். கடன் முடியும்வரை புதுப் பைனான்ஸ் வேண்டாம். பெட்ரோல் கம்பெனி காரும் வேண்டாம்.

எலெக்ட்ரிக் என்று சொல்லும்போது ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எங்கே சார்ஜ் போடுவீர்கள்? வீட்டு வாசலில் கார் நிறுத்தி இரவுக் கட்டணத்தில் சார்ஜ் போடுபவருக்கும், மாடி ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு மோட்டார்வே சார்ஜரை நம்புபவருக்கும் செலவு பல மடங்கு வேறுபடும். அலுவலகத்தில் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனி காருக்குக் கம்பெனி தரும் மின்சாரத்துக்கு பெட்ரோல் கார்டு போல வரி கிடையாது.

ஏற்கெனவே பைனான்ஸில் கார் இருந்தால்

கம்பெனி கார் கிடைக்கிறது, ஆனால் பழைய வேலைக்காக எடுத்த பி.சி.பி. கார் வாசலில் நிற்கிறது. இது பலருக்கும் வரும் நிலைமை. ஒப்பந்தத் தாளை எடுத்து, கட்டம் போட்ட ஒரு பகுதியைத் தேடுங்கள். 'டெர்மினேஷன்: யுவர் ரைட்ஸ்' என்று தலைப்பு இருக்கும். அதற்குள் ஒரு தொகை எழுதியிருக்கும். ஹயர் பர்ச்சேஸ் (தவணை முறைக் கொள்முதல்) அல்லது பி.சி.பி. ஒப்பந்தத்தில் நீங்கள் கட்ட வேண்டிய மொத்தத்தில் பாதி அது. அந்த அளவுக்குக் கட்டியிருந்தால், கார் ஒழுங்காக இருந்தால், காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டாமல் வெளியே வரலாம். 1974-ஆம் வருட கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் தரும் உரிமை இது. பாதிக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தால் அந்தக் குறையை மட்டும் கட்டலாம். பி.சி.பி.-யில் கடைசியில் வரும் பெரிய பலூன் தொகையும் மொத்தத்தில் சேருவதால், பாதியைத் தொட வெகுநாள் ஆகும்.

கடிதத்தில் 'வாலண்டரி டெர்மினேஷன்' என்றே எழுதுங்கள். போனில் பேசும்போது 'வாலண்டரி சரண்டர்' படிவத்தில் கையெழுத்து போடச் சொன்னால் போடாதீர்கள். அதில் காரும் போகும், மீதிக் கடனும் உங்கள் தலையிலேயே நிற்கும். முழுத் தொகையும் கட்டும்வரை கார் பைனான்ஸ் கம்பெனியுடையது, அவர்களுக்குத் தெரியாமல் விற்கக் கூடாது. மாத வாடகைக்கு லீஸ் எடுத்த காருக்கோ, வங்கிக் கடனில் வாங்கிய காருக்கோ இந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது.

தவணை ஏற்கெனவே தவறிக்கொண்டிருந்தால் முதலில் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற கடன் ஆலோசனை தரும் அமைப்புகளில் ஒன்றை அணுகுங்கள். மூன்றுமே இலவசம். இங்கிலாந்து, வேல்ஸில் 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற 60 நாள் பாதுகாப்பை அவர்கள் மூலம் கேட்கலாம். அந்த நாட்களில் அதில் சேரும் கடன்களுக்குப் பெரும்பாலும் வட்டி ஏறாது, வசூல் நடவடிக்கையும் நிற்கும். காசு வாங்கிக்கொண்டு கடனைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு போன் செய்ய வேண்டாம்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்க

இந்திய, இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். புரோவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரியும் பிராக்டிகலும் பாஸ் செய்ய வேண்டும். கம்பெனிகளின் இன்சூரன்ஸ் பல நேரம் பிரிட்டிஷ் லைசென்ஸ் வேண்டும் என்று கேட்கும். ஊர் லைசென்ஸோடு சொந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கேட்டால் விலை தாறுமாறாக வரும். ஆகவே அலவன்ஸை ஒப்புக்கொள்ளும் முன், உங்கள் பின்கோடுக்கும் லைசென்ஸுக்கும் வேலைப் பயன்பாட்டோடு ஒரு கொட்டேஷன் போட்டுப் பாருங்கள். மேலே நான் போட்ட 110 உங்களுக்கு 250 ஆகலாம். அப்போது கணக்கு முழுதும் கம்பெனி கார் பக்கம் சாய்ந்துவிடும்.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான சம்பள வரம்பில் உறுதியான அடிப்படைச் சம்பளம்தான் எண்ணப்படும். கம்பெனி காரின் மதிப்பு அதில் சேராது, கார் அலவன்ஸையும் நம்ப முடியாது. சாலரி சாக்ரிஃபைஸ் என்ற பெயரில் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் கார் தருகிறோம் என்றால், குறைந்த பிறகு விசா வரம்புக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் சிக்கல் வருமா என்று எச்.ஆர்.-இடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்பான்சர் செய்த வேலை போனால் பொதுவாக 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது எளிது, உங்கள் பெயரில் ஓடும் பி.சி.பி. அப்படியல்ல.

எச்.ஆர்.-இடம் கேட்க வேண்டியவை

ப்ரோபேஷன் முடியும் முன் கார் கிடைக்குமா? நடுவில் வேலையை விட்டால் காருக்கு ஏதாவது அபராதம் கட்ட வேண்டுமா? சாலரி சாக்ரிஃபைஸில் இது பெரிய தொகையாக வரக்கூடும். அலவன்ஸ் எடுத்தால் காருக்கு வயது வரம்பு உண்டா? பல கம்பெனிகள் ஐந்தாறு வருடத்துக்கு மேல் பழைய காரை ஏற்பதில்லை. அப்படியென்றால் பழைய கார் யோசனை அங்கேயே முடிந்தது. ஒரு முறை தேர்ந்தெடுத்தால் எப்போது மாற்றலாம்? மனைவியோ கணவரோ கம்பெனி காரை ஓட்டலாமா? ஓட்டக் கூடாது என்றால் வீட்டுக்கு இரண்டாவது கார் தேவைப்படும், எல்லாக் கணக்கும் மாறிவிடும். பதில்களை இமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கார் ஓட்டிச் சேர்த்த நோ கிளெய்ம்ஸ் போனஸ் (இன்சூரன்ஸ் கிளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்கான தள்ளுபடி) இருந்தால், இரண்டு வருடம் பயன்படுத்தாமல் விட்டால் பெரும்பாலான இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதை ஏற்காது. கம்பெனி காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, விபத்தில்லாமல் ஓட்டியதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதை எடுத்துக்கொள்கின்றன.

கார் வந்த பிறகு

கார் கைக்கு வரும் நாளில் நான்கு பக்கமும், சக்கரங்களையும், உள் சீட்டுகளையும் தேதியோடு போட்டோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்குப் பணம் கேட்டால் இதுதான் சாட்சி.

அப்புறம் பே ஸ்லிப். கார் வந்த தகவலைக் கம்பெனி எச்.எம்.ஆர்.சி-க்குச் சொன்னதும் உங்கள் டாக்ஸ் கோடு (வருட வருமானத்தில் எவ்வளவுக்கு வரியில்லை என்று காட்டும் எண்) மாற வேண்டும். வழக்கமான 1257எல், மேலே சொன்ன எலெக்ட்ரிக் காருக்கு 1113எல் பக்கம் இறங்கும். பெட்ரோல் காராக இருந்தால் 327எல். இரண்டு மூன்று மாதமாகியும் 1257எல் என்றே இருந்தால், யாரோ தகவல் சொல்லவில்லை என்று அர்த்தம். வரி குறைவாகப் பிடிக்கிறார்களே என்று சந்தோஷப்படாதீர்கள், பாக்கி மொத்தமாக அடுத்த வருடம் வரும், அது அரசாங்கக் கடன். எச்.எம்.ஆர்.சி. ஆப்பில் உங்கள் கணக்கைத் திறந்து, காரின் விலையும் கிடைத்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தலாம். காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இதே சோதனை வேண்டும், இல்லாத காருக்கு வரி பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

அலவன்ஸ் எடுத்தவர்கள், சம்பளம் வரும் தேதிக்கு அடுத்த நாளே மிஞ்சும் தொகை கார்டுக் கடனுக்குப் போகும்படி ஸ்டாண்டிங் ஆர்டர் போட்டுவிடுங்கள். ரிப்பேருக்கென்று மாதம் 40, 50 பவுண்டைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். வேலை மைலை அன்றன்றே தேதி, இடம், தூரத்தோடு குறித்து வையுங்கள். வரிச் சலுகை கேட்கும்போது எச்.எம்.ஆர்.சி. கேட்பது அந்தக் குறிப்பைத்தான். முந்தைய நான்கு வரி ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்பதால், இதுவரை கேட்காதவர்கள் பழைய டைரியையும் புரட்டிப் பாருங்கள்.